மிளகும் செத்தல் மிளகாயும்: முதலாம் உலகப்போரில் வீட்டுக்குப் போன கடிதங்கள்

பாரிஸ் என்றதும் எங்கடை ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது லாச்சப்பல்தான். கறிவேப்பிலை முதல் கலியாணக் கூறை வரை வாங்குவதற்கு ஐரோப்பாவின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து எம்மவர் அங்கே வந்து போகிறார்கள். சப்பல் என்றால் பிரெஞ்சு மொழியில் சிறு தேவாலயம். அதே நாட்டின் வடக்கே, லீல் நகரத்துக்குத் தென்மேற்காக, நெவ் சப்பல் என்று ஒரு கிராமம் உண்டு. தமிழில் புதுக்கோயில் என்று சொல்லலாம். பெரிய ஊர் அல்ல. உருளைக்கிழங்கும் பீற்றூட்டும் விளையும் சமதரை. அங்கே தெருச்சந்தி ஒன்றின் ஓரமாக வட்டமான ஒரு மதிலும், உச்சியில் தாமரை விரிந்த ஒரு கல்தூணும், தூணின் இருபுறமும் இரண்டு கல்லுப் புலிகளும் நிற்கின்றன. ஐரோப்பிய வயல்வெளிக்குள் இதென்ன கோலம் என்று காரை நிற்பாட்டிப் பார்க்கத் தோன்றும்.

மதிலில் பெயர்கள். 4,700க்கு மேற்பட்ட பெயர்கள். சிங், கான், தாப்பா, குருங், நேகி என்று முடிபவை. முதலாம் உலகப்போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் மாண்டு, கல்லறை எதுவென்று தெரியாமற் போன இந்தியச் சிப்பாய்களும் தொழிலாளரும் அவர்கள். 1927 ஒக்ரோபர் 7இல் இந்த நினைவிடம் திறந்துவைக்கப்பட்டது.

பெயர் மட்டும் என்ன பேசும்? ஆனால் இந்த மனிதர்களும் இவர்களோடு நின்றவர்களும் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். 1915 மார்ச்சில் பிரான்சிலிருந்த இந்தியப் படையினர் வாரமொன்றுக்கு பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதினார்கள் என்று கணக்கு இருக்கிறது. அவற்றில் ஒரு சிறு பங்கின் பிரதிகள் இன்று வரை அழியாமல் லண்டனில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. அழியாமல் இருப்பதற்குக் காரணம் தாய் பெட்டகத்தில் பூட்டி வைத்ததல்ல, மனைவி தலையணைக்குக் கீழே வைத்ததும் அல்ல. அவற்றை இடையிலே மறித்து வாசித்த வெள்ளைக்கார அதிகாரிகள் பிரதி எடுத்து வைத்ததுதான் காரணம்.

‘உது வெள்ளைக்காரன்ரை சண்டை, வடக்கத்தியான்ரை கடிதம், எங்களுக்கென்ன?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. அதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. சீக்கியன், கூர்க்கா என்ற சொற்களைக் கேட்டால் யாழ்ப்பாணத்தாருக்கு 1914 ஞாபகம் வராது. 1987 ஒக்ரோபர்தான் வரும். அமைதிப்படை என்ற பெயரில் வந்தவர்கள் ஒழுங்கைகளுக்குள் இறங்கிய அந்த மாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இதை வாசியுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். ஒதுக்கவும் முடியாது. அந்த மாதத்தில் எங்கள் ஊர்களுக்கு வந்தவர்களும் தங்கள் வீட்டுக்குக் கடிதம் போட்டிருப்பார்கள்தானே என்ற யோசனை இந்தப் பழைய கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு வரத்தான் செய்தது. அவற்றில் எங்களைப் பற்றி என்ன எழுதியிருந்திருக்கும்?

அது நிற்க. 1914க்குப் போவோம்.

அந்தப் போரில் இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களும் தொழிலாளரும் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பிரான்சுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். லாகூர் டிவிசனின் முதற்படைகள் 1914 செப்ரெம்பர் 26இல் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. பின்னால் மீரட் டிவிசன் வந்து சேர்ந்தது. பஞ்சாபியர், பட்டாணியர், டோக்ரா, கர்வாலி, நேபாளத்துக் கூர்க்காக்கள். தமிழர் இவர்களோடு அநேகமாக இல்லை. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1880களில் முதலில் சென்னைப் படைக்கும் பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த றொபேட்ஸ் பிரபுவுக்கு, தெற்கத்தியர் சண்டைக்கு ஆகாத சாதி என்ற எண்ணம். வீரசாதி, வீரமில்லாச் சாதி என்று பிரித்து வடக்கிலேயே ஆட்சேர்க்கும் கொள்கையை ஊன்றியவர்களில் முக்கியமானவர் அவர். அந்த மனுசன் எண்பத்திரண்டு வயதில் இந்தியப் படைகளைப் பார்க்கவென்று பிரான்சுக்கு வந்து, குளிர் பிடித்து நியூமோனியாவாகி 1914 நவம்பர் 14இல் சென்-தொமர் என்ற ஊரில் செத்துப்போனார். தெற்கத்தியருக்குத் தாங்காது என்று சொன்னவருக்கு வடக்கத்தியக் குளிர் தாங்கவில்லை.

எங்களவருக்கு அந்தப் போர் வேறு வழியாக வந்தது. 1914 செப்ரெம்பர் 22 இரவு ஜேர்மனியரின் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளுக்கு ஷெல்லடித்துவிட்டுப் போனது. ‘அவன் ஒரு எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் எங்கள் வாய்க்கு வந்தது அப்படித்தான்.

பிரான்சுக்கு வந்தவர்கள் வெயில் நாட்டுக் காக்கி உடுப்போடு வந்தார்கள். ஒக்ரோபர் முடிவதற்குள் பெல்ஜிய எல்லையில் போர்முனைக்குத் தள்ளப்பட்டார்கள். முழங்கால் அளவு சேறும் பனியும் நிறைந்த பங்கர்களுக்குள் முதல் மாரி காலம் கழிந்தது. சம்பளம் மாதம் பதினொரு ரூபாய். பெரும்பாலானோர் கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள். எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப்பேர்.

ஆகவே கடிதம் எப்படி எழுதப்பட்டது என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்கவேண்டும். சிப்பாய் தன் பேச்சுமொழியில், பஞ்சாபியிலோ கர்வாலியிலோ, சொல்லுவான். பக்கத்தில் இருக்கும் எழுத்துத் தெரிந்த ஒருவன் எழுதுவான், அது அநேகமாக உருதுவில் எழுதப்படும், குருமுகியிலும் இந்தியிலும் எழுதியவர்களும் உண்டு. எழுதிய கடிதத்தை முதலில் றெஜிமெண்டின் அதிகாரி பார்ப்பார். பிறகு அது பூலோன் துறைமுகத்திலிருந்த தணிக்கைக் கந்தோருக்குப் போகும். அங்கிருந்து கப்பலேறி, கரை சேர்ந்து, றெயிலேறி, கால்நடையாகக் கிராமத்துக்கு வந்து சேர வாரக்கணக்காகும். கிராமத்தில் தாய்க்கும் வாசிக்கத் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. எழுத்துத் தெரிந்த யாராவது ஒருவர் உரத்து வாசிப்பார், அயலெல்லாம் கூடிக் கேட்கும். பெண்சாதிக்கு ஒரு புருசன் சொல்லும் வார்த்தையை இடையில் எத்தனை பேருடைய கண்ணும் காதும் தொட்டுப்போகின்றன என்று எண்ணிப் பாருங்கோ. அந்தரங்கம் என்று ஒரு சாமானுக்கு அந்த உறைக்குள் இடமே இல்லை.

பூலோன் கந்தோருக்குப் பொறுப்பாக இருந்தவர் ஈவ்லின் ஹொவெல் என்ற இந்திய நிர்வாக அதிகாரி. தொடக்கத்தில் அவருடைய வேலை சிப்பாய் எழுதுவதைத் தடுப்பதல்ல, சிப்பாய்க்கு வருவதைத் தடுப்பதுதான். 1913இல் சான்பிரான்சிஸ்கோவில் இருந்து கெதர் கட்சியினர் பத்திரிகை அச்சடித்து உலகமெங்கும் இந்தியருக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அப்படியான காகிதங்கள் படைக்குள் புகுந்துவிடும் என்று அரசாங்கத்துக்குப் பயம். ஆனால் போகும் கடிதங்களையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், சிப்பாயின் மனதுக்குள் என்ன கிடக்கிறது என்பதை அறிய இதைவிட நல்ல வழி இல்லையென்று கண்டுகொண்டார்கள். வாராவாரம் சில கடிதங்களைத் தேர்ந்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, அறிக்கையோடு சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். அந்த அறிக்கைக் கட்டுகள்தான் இன்று எங்களுக்கு மிஞ்சியிருப்பவை. டேவிட் ஒமிசி என்ற வரலாற்றாசிரியர் 1999இல் அவற்றிலிருந்து அறுநூறுக்கு மேற்பட்ட கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார்.

தன் கடிதத்தை வேறொருவன் வாசிக்கிறான் என்பது சிப்பாய்க்கும் தெரியும். தெரிந்தபிறகு என்ன செய்வான்? சுற்றி வளைத்துச் சொல்லுவான். இந்தக் கடிதங்களிலேயே மிகவும் பேசப்பட்டது மிளகுக் கடிதம். காயப்பட்டு இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒருவர் 1915இல் எழுதியது. யாரோ மளிகைக் கடைக்காரன் எழுதியதுபோல இருக்கும். ஊரிலிருந்து வந்த கறுத்த மிளகு முடிந்துகொண்டு வருகிறது, இப்போது செத்தல் மிளகாயைத்தான் போடுகிறார்கள், மிளகின் காரம் மிளகாய்க்கு இல்லை, ஆகவே இன்னும் மிளகு தேவைப்படும் என்பது அதன் சாரம். இந்துஸ்தானியில் இரண்டுக்குமே மிர்ச் என்றுதான் பெயர், ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பு. கறுப்பு இந்தியச் சிப்பாய், சிவப்பு வெள்ளைக்காரச் சிப்பாய். இந்தியர்களைப் பலிகொடுத்துத் தீர்த்துவிட்டார்கள், இனி இன்னும் ஆள் கேட்டு ஊருக்கு வருவார்கள், தம்பியைப் பட்டாளத்துக்கு விடாதேயுங்கோ. இவ்வளவும் அந்தச் சரக்குக் கணக்குக்குள் இருக்கிறது.

தணிக்கைக்காரருக்கு இது விளங்கவில்லையா? நன்றாக விளங்கியது. விளங்கியபடியால்தான் பிரதி எடுத்து வைத்தார்கள். சாடைமாடையாகப் பேசத் தெரிந்த சனத்தை முற்றாகக் கட்டுப்படுத்த எந்தத் தணிக்கையாலும் ஏலாது என்பதை ஹொவெல் விரைவிலேயே உணர்ந்துகொண்டார். ஒரு சொல்லைத் தடுத்தால் அடுத்த வாரம் வேறு சொல் வரும். ஆகையால் சிலதை நிறுத்தி, பெரும்பாலானதைப் போகவிட்டார்கள்.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு வரலாற்றுப் பேராசிரியர் தேவையில்லை. தொண்ணூறுகளில் ஊரிலிருந்து கடிதம் வந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பாசை தெரியும். கொழும்புக்கு வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் முத்திரை ஒட்டிப் போட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து வந்த கடிதங்கள். ‘நாங்கள் எல்லாரும் நல்ல சுகம், நீ ஒன்றுக்கும் யோசியாதை’ என்று தொடங்கினால் நெஞ்சு பதறும். எல்லாரும் என்று எழுதிவிட்டுப் பெயர்களைச் சொல்லும்போது யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிய தாய்மார் இங்கே எத்தனை பேர்! ‘மழை பலம்’ என்றால் எந்த மழை, ‘மாமா வீட்டை போயிட்டினம்’ என்றால் எந்த மாமா. வாசிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் வாசிக்கக்கூடிய எழுத்து அது. எழுதியவர் படித்தவரா படியாதவரா என்பதில் அது தங்கியிருக்கவில்லை.

நெவ் சப்பல் சண்டை 1915 மார்ச் 10இல் தொடங்கி 13இல் ஓய்ந்தது. தாக்கப்போன படையில் பாதிப்பேர் வரை இந்தியர். நாலு நாளில் கிடைத்தது அந்தக் கிராமமும் சுற்றியுள்ள சிறு துண்டு நிலமும். இந்தியப் படைப்பிரிவில் மாண்டவரும் காயப்பட்டவருமாக நாலாயிரம் பேருக்கு மேல். கர்வால் றைபிள்ஸ் படையின் கபர் சிங் நேகி அங்கே முதல் நாளே விழுந்தார். அவருக்கு விக்ரோரியா குருஸ் என்ற உயர்ந்த விருதைக் கொடுத்தார்கள். அவருடைய பெயரும் அந்த மதிலில் இருக்கிறது.

இந்தக் காலத்துக் கடிதங்களில் பெருமையும் உண்டு. அதை மறைக்கக்கூடாது. அரசனின் உப்பைத் தின்றோம், அதற்குக் கடன் தீர்க்கிறோம், குலத்தின் மானம் காப்போம் என்று எழுதியவர்கள் ஏராளம். இவையெல்லாம் தணிக்கைக்குப் பயந்து எழுதிய பொய் என்று தள்ளிவிடுபவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கிராமத்தில் பத்துப்பேர் கூடி நின்று கேட்கப்போகும் கடிதத்தில் தன் தகப்பன் தலைநிமிர்ந்து இருக்கவேண்டும் என்று ஒரு மகன் நினைப்பது பொய் ஆகாது. ஆனால் அதே கடிதத்தின் அடியில், அல்லது அடுத்த மாதக் கடிதத்தில், வேறு குரல் வருகிறது. சட்டியில் வறுபடும் தானியம்போல மனிதர்கள் வெந்துபோகிறார்கள் என்று எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு ராஜபுத்திரர், இது யுத்தமே அல்ல, உலகத்தின் முடிவு, எங்கள் முன்னோர் சொன்ன மகாபாரதப் போர்தான் இது என்று 1915 தையில் வீட்டுக்கு எழுதினார். ஷெல்லையும் விமானத்தையும் பற்றிச் சொல்ல அவருக்குக் கைகொடுத்தது குருசேத்திரம். கேட்கிற கிழவிக்கும் அது உடனே விளங்கியிருக்கும்.

இன்னுமொன்று. 1915 தொடக்கத்தில் சிப்பாய்கள் கடிதத்தில் பாட்டுக் கட்டி எழுதத் தொடங்கினார்கள். ஹொவெல் அதைக் கண்டு பயந்தார். இது மனம் கலங்குவதின் அறிகுறி, நல்லதற்கல்ல என்று மேலிடத்துக்கு எழுதினார். தேசத்துரோகம் தேடுவதற்கு இருத்திய அதிகாரி கவிதையைக் கண்டு கவலைப்பட்டது வேடிக்கைபோலத் தோன்றும். மனுசன் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

காயப்பட்டவர்களில் பலரை இங்கிலாந்தின் பிரைற்றன் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பழைய அரச மாளிகை, கூம்பும் குவிமாடமுமாக மொகலாயர் கட்டியது போன்ற தோற்றம். 1914 டிசெம்பரில் அதை ஆஸ்பத்திரியாக்கினார்கள். சாதிக்கும் மதத்துக்கும் ஏற்றபடி ஒன்பது குசினிகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வேறு வேறு தண்ணீர்க் குழாய், மூன்று மொழியில் அறிவித்தல் பலகை. அரசர் ஐந்தாம் ஜோர்ஜ் நேரில் வந்து பார்த்தார். இந்தக் கவனிப்புக்குப் பின்னால் கணக்கு இருந்தது. மாளிகைக்குள் படுத்திருக்கும் சிப்பாயின் படங்களை அச்சடித்து இந்தியாவெங்கும் பரப்பினார்கள். சிப்பாய்களும் அந்தப் படங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சொர்க்கத்தில் இருக்கிறேன் என்று எழுதியவர்களும் உண்டு. மரணத்தின் வாயிலிருந்து வந்து வெள்ளைப் படுக்கை விரிப்பில் கிடந்தவன் வேறெப்படி எழுதுவான்?

ஆனால் சொர்க்கத்தில் ஒரு குறை இருந்தது. காயம் ஆறினால் திரும்பவும் போர்முனை. ஒருதரம் இரத்தம் சிந்தினவனை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பேரிடி. கடிதத்துக்குக் கடிதம் இந்த முறைப்பாடு வருகிறது. கை போனாலும் கால் போனாலும் ஒழிய வீடு இல்லை என்று விளங்கிக்கொண்டபோது, காயம் ஆறுவதே சிலருக்குப் பயமாகப் போய்விட்டது. அதே நகரத்தில் ஏழைகள் விடுதி ஒன்றை மாற்றி அமைத்த கிச்சினர் ஆஸ்பத்திரியைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்து, வெளியே போக அனுமதி இல்லாமல் வைத்திருந்தார்கள். அங்கிருந்து எழுதியவர்கள் மாளிகையைப் பற்றி எழுதவில்லை, மறியல் என்று எழுதினார்கள். இங்கிலாந்தில் இறந்த இந்துக்களிலும் சீக்கியரிலும் 53 பேரை நகரத்துக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921இல் கட்டிய வெள்ளைச் சலவைக்கல் மண்டபம் இன்றும் நிற்கிறது.

பிரான்சில் நின்றவர்கள் போர்முனைக்குப் பின்னால் கமக்கார வீடுகளில் தங்கவைக்கப்பட்டார்கள். அங்கே கண்டது அவர்களை உலுப்பிவிட்டது. ஆண்கள் எல்லாரும் யுத்தத்துக்குப் போக, பெண்கள் ஏர் பிடிக்கிறார்கள், கடை நடத்துகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், பத்திரிகை வாசிக்கிறார்கள். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த கிழவி அழுதுகொண்டு இருக்காமல் இவனுக்குக் கோப்பி வைத்துக் கொடுக்கிறாள், இவனுடைய சப்பாத்தைக் காய வைக்கிறாள். பெற்ற தாய்போலப் பார்த்தாள் என்று எழுதினார்கள். அதோடு விடாமல், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, பெண்பிள்ளை என்று மறிக்காதே, எழுதப் படிக்கப் பழக்கு என்று வீட்டுக்கு எழுதினார்கள். எழுத்துத் தெரியாததால் என்ன இழந்தோம் என்பதைக் கடிதம் சொல்லி எழுதுவிக்கும்போதுதான் அவர்கள் அறிந்திருக்கிறார்கள் போலும்.

இத்தனையும் சொன்னாலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதிகாரிகள் பிரதி எடுத்தது தங்களுக்குப் பிரயோசனமான வரிகளை. படையின் மனநிலை, முறைப்பாடு, விசுவாசம், வதந்தி, இவைதான். எருமை கன்று போட்டதா, காணி வழக்கு என்னவாச்சு, சின்னவனுக்குப் பல்லு முளைத்ததா என்பதையெல்லாம் இருந்து மொழிபெயர்க்க அவர்களுக்கு என்ன விதி? பெண்கள் சொல்லி எழுதுவித்த கடிதங்கள் அந்தக் கட்டுகளுக்குள் அபூர்வம். எஞ்சியவையும் ஆங்கிலத்தில்தான் எஞ்சியிருக்கின்றன. பஞ்சாபியில் சொல்லி, உருதுவில் எழுதி, ஆங்கிலத்தில் மிஞ்சிய கடிதத்தைத்தான் நான் இப்போது தமிழில் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூலக் கடிதங்கள் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பெரும்பாலானவை மழைக்கும் கறையானுக்கும் போயின. 1947இல் பஞ்சாப் இரண்டாகப் பிளந்து சனம் உடுத்த துணியோடு ஓடியபோது கடிதத்தை யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? இந்த இடத்தில் எங்களுடைய வீடுகளில் சப்பாத்துப் பெட்டிக்குள்ளும் பிஸ்கற் ரின்னுக்குள்ளும் கிடக்கும் நீல நிற ஏயார்மெயில் கடிதங்களை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. எங்களுடையதை எந்தத் தணிக்கைக்காரனும் பிரதி எடுத்து நூலகத்தில் வைத்திருப்பதாக நான் அறியவில்லை. வீடு மாறும்போது குப்பைக்குள் போட்டால் போட்டதுதான்.

கடிதங்களை வேறுவிதமாகப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் றட்யாட் கிப்ளிங்கின் கைக்கு இந்தத் தணிக்கைப் பிரதிகள் சில போய்ச் சேர்ந்தன. அவர் அவற்றை வைத்து, சிப்பாய்கள் எழுதியதுபோலத் தானே கடிதங்கள் புனைந்து 1917இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்டார், அடுத்த வருடம் அது புத்தகமாயிற்று. நன்றியும் வியப்பும் அதில் நிறைய வரும். மிளகும் மிளகாயும் வராது. அமெரிக்க வாசகர்களுக்குத் திருப்தியான சிப்பாயைக் காட்டவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ஆனால் அந்த மனிதரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை. அவருடைய ஒரே மகன் ஜோன் 1915 செப்ரெம்பரில் லூஸ் என்ற இடத்தில் காணாமற் போனான், வயது பதினெட்டு. அந்த வயல்கள் நெவ் சப்பலிலிருந்து அதிக தூரமில்லை. சாகும்வரை அவன் உடலைத் தேடியும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1927இல் இந்த வட்ட மதிலைத் திறந்துவைத்த நாளில் அவரும் அங்கே வந்து நின்றார்.

இந்தியக் காலாட்படையை 1915 முடிவில் பிரான்சிலிருந்து எடுத்து மெசொப்பொத்தேமியாவுக்கு, இன்றைய ஈராக்குக்கு, அனுப்பினார்கள். குதிரைப்படை 1918 வரை நின்றது. பிடிபட்டவர்கள் ஜேர்மனியில் இருந்தார்கள்.

ஜேர்மனியில் வாழும் உறவுகளுக்கு இந்தக் கடைசிப் பகுதி. பேர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ப் என்ற இடத்தில் பிறைநிலா முகாம் என்ற பெயரில் ஒரு கைதி முகாம் இருந்தது. பிரெஞ்சு ஆபிரிக்காவிலிருந்தும் பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் வந்த கைதிகளை அங்கே வைத்து, நல்லபடியாக நடத்தி, அவர்களைத் தங்கள் பக்கம் திருப்பலாம் என்று ஜேர்மன் அரசு திட்டமிட்டது. அதற்காக 1915இல் மரத்தால் ஒரு பள்ளிவாசலும் கட்டிக்கொடுத்தது. அங்கே இறந்த இந்தியருக்குப் பக்கத்தில் சேரென்ஸ்டோர்ப் என்ற இடத்தில் மயானம், 206 பேர். அந்த நிலம் பின்னர் கிழக்கு ஜேர்மனிக்குள் போய்ப் பராமரிக்க முடியாமற் போனதால், அவர்களுடைய பெயர்களை 1964இல் நெவ் சப்பல் நினைவிடத்தில் வெண்கலத் தகட்டில் பொறித்தார்கள். மயானம் 2005இல் திருத்தி அமைக்கப்பட்டது. 2015இல் வூன்ஸ்டோர்ப்பில் அகதிகளை வரவேற்கும் முகாம் கட்டுவதற்கு முன்னால், பள்ளிவாசல் நின்ற நிலத்தைத் தொல்லியலாளர்கள் கிண்டிப் பார்த்தார்கள்.

அந்தக் கைதி முகாமுக்குப் பேர்லினிலிருந்து மொழி ஆராய்ச்சியாளர்கள் பெரிய கொம்பு வைத்த ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தார்கள். உலகத்து மொழிகளையெல்லாம் இசைத்தட்டில் பிடித்துவைப்பது அவர்கள் நோக்கம். கைதி என்ன சொல்கிறான் என்பதில் அவர்களுக்கு அக்கறை குறைவு, எப்படி உச்சரிக்கிறான் என்பதே வேண்டியிருந்தது. 1916 டிசெம்பர் 11இல் மல் சிங் என்ற சீக்கியர் ஒருவர் அந்தக் கொம்புக்கு முன்னால் நின்று பஞ்சாபியில் பேசினார். ஒரு நிமிசத்துக்குச் சற்றுக் கூடவான பேச்சு. நான் என்று அவர் சொல்லவில்லை. ஒரு மனிதன் இருந்தான், ஊரில் வெண்ணெயும் பாலுமாகச் சாப்பிட்டவன், யுத்தத்துக்கு வந்தான், ஜேர்மனியர் பிடித்துக்கொண்டார்கள், அவனுக்கு ஊருக்குப் போக ஆசை, போனால் அதே சாப்பாடு கிடைக்கும், இன்னும் இரண்டு வருசம் இங்கே இருந்தால் செத்துப்போவான், கடவுள் கிருபையால் சமாதானம் வந்தால் போய்விடுவான் என்று, பாட்டி பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லுவதுபோலச் சொன்னார்.

தணிக்கைக்காரன் வாசிக்காத, எழுதுகாரன் கை படாத, அவருடைய சொந்தக் குரலிலேயே இருக்கும் வார்த்தைகள் அவை. அந்த இசைத்தட்டு பேர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிச்சுவடிக்கூடத்தில் இருக்கிறது. யுத்தம் முடிவதற்கு அப்போது இன்னும் இரண்டு வருசம் இருந்தது.